மான் வேட்டைக்கு .243 ரைஃபிள்: எந்தக் குண்டு பொருந்தும்?

கேள்வி (புதியவன்):
கொலராடோவில் வசிக்கிறேன். வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்துவிட்டு, இந்த இலையுதிர் காலத்தில் முதன்முறையாக மியூல் மான் வேட்டைக்குப் போகவிருக்கிறேன். நண்பரின் 30-06 ரைஃபிளைச் சுட்டுப் பழகியபோது, சுடும்போது அது தோளில் கொடுக்கும் உதைக்குப் பயந்து விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடிவிடுகிறேன் என்று தெரிந்தது. எனவே, உதை அதில் ஏறத்தாழ பாதியே உள்ள .243 வின்செஸ்டர் ஒன்றை வாங்கினேன். கடையில் இதற்கு 58 கிரெய்னிலிருந்து 100 கிரெய்ன் (குண்டின் எடையை அளக்கும் அலகு) வரை தோட்டாக்கள் இருக்கின்றன. மான் வலியில் துடிக்காமல் விரைவாக இறக்க வேண்டும். எதை வாங்குவது?

பதில் 1 (மலையோரம்):
58 கிரெய்னைத் தொடவே வேண்டாம். அது புல்வெளி நாய் (பிரெய்ரி டாக் எனும் கொறிவிலங்கு), கயோட்டி (ஓநாயின் சிறிய உறவினம்) போன்ற சிறு விலங்குகளுக்கானது. மானின் தோள் எலும்பில் பட்டால் மேலாகவே சிதறிவிடும். பெரிய காயத்தோடு ஓடும் மான் எங்கோ ஒரு புதரில் கிடந்து சாகும். உங்கள் மாநிலச் சட்டமும் அதை அனுமதிக்காது: மானுக்குக் குறைந்தது .24 அங்குல விட்டம், 70 கிரெய்ன் எடை, பட்டவுடன் விரியும் முனை, 100 கெஜத்தில் 1000 அடி-பவுண்டு ஆற்றல் ஆகியவை கட்டாயம். 95 அல்லது 100 கிரெய்ன் மென்முனைக் குண்டு இவற்றை எளிதில் தாண்டும்.

ஆனால் எடை ஒன்றே போதாது. குண்டு விரியவும் வேண்டும், விரிந்த பின் நுரையீரல் வரை ஊடுருவவும் வேண்டும். 1946-இல் ஜான் நோஸ்லர் சுட்ட குண்டுகள் ஒரு மூஸின் (மிகப் பெரிய மான் இனம்) உடலுக்குள் போதிய ஆழம் போகாமல் உடைந்துபோனதால்தான், நடுவில் தடுப்புச் சுவர் வைத்த ‘பார்ட்டிஷன்’ குண்டு பிறந்தது. முன்பாதி விரிந்து சிதைந்தாலும் பின்பாதி முன்னேறிச் செல்லும். என் தேர்வு அதன் 95 அல்லது 100 கிரெய்ன்தான்.

பதில் 2 (செம்புக்காரன்):
மேலே சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனாலும் வீட்டில் குழந்தைகள் அந்த இறைச்சியை உண்பார்கள் என்றால் முழுச் செம்புக் குண்டையும் எண்ணிப் பாருங்கள். ஈயக் குண்டால் சுட்ட மானை எக்ஸ்ரே எடுத்தால், காயத்திலிருந்து தள்ளியும் ஈயத் துணுக்குகள் வெண்புள்ளிகளாகத் தெரியும். சுடப்பட்ட விலங்குகளின் மிச்சத்தைத் தின்னும் கான்டார் கழுகுகளுக்கு நஞ்சானதும் இதுவே; கலிஃபோர்னியா 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் ஈயத்தைத் தடைசெய்துவிட்டது. செம்பு ஈயத்தைவிட லேசானது என்பதால், அதே எடையில் குண்டு நீண்டுவிடும். பெரும்பாலான .243 குழல்களின் உட்புரி (குண்டைச் சுழலவைக்கும் திருகுப் பள்ளம்) 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதால், மிக நீண்ட குண்டு நிலைகொள்ளாது. 80, 85 கிரெய்ன் போதும். எடை குறைந்தாலும் செம்பு உடையாததால் ஆழமாகப் போகும். வேகம் தணிந்துவிட்டால் மட்டும் அது சரியாக விரியாது. ஆகவே தொலைதூரச் சூடு வேண்டாம்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. எவ்வளவு தூரத்தை எல்லையாக வைத்துக்கொள்ளலாம்?

பதில் 3 (பழைய கால்தடம்):
காகிதத் தட்டு ஒன்றை நிறுத்தி, உட்கார்ந்த நிலையில் பத்துக்குப் பத்தும் அதில் விழும் தூரமே உங்கள் எல்லை. எனக்கு அது 150 கெஜம். தட்டின் 8 அங்குலம் மானின் இதய, நுரையீரல் பகுதியின் அளவு. மான் பக்கவாட்டில் நிற்கும்போது, முன்காலின் பின்விளிம்பை ஒட்டி மேலேறி, உடல் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் குறிவையுங்கள்.

நுரையீரலில் பட்ட மானும் ஐம்பது, நூறு கெஜம் ஓடும், பதற வேண்டாம். விழுந்த இரத்தத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக நுரைத்திருந்தால் அரைமணி காத்துப் பின்தொடரலாம். பழுப்பாக, பச்சைத் துணுக்குகளோடு நாறினால் குடலில் பட்டிருக்கிறது. அப்போது பல மணி நேரம் பொறுக்க வேண்டும், இல்லையேல் அது எழுந்து மேலும் ஓடி உங்கள் கைக்கே சிக்காது. இன்னொன்று: எந்தப் பெட்டியை வாங்கினாலும் வேட்டைக்கு முன் அதே தோட்டாவால் சுட்டு ரைஃபிளின் மேலுள்ள தொலைநோக்கியின் குறியைச் சரிபாருங்கள், குண்டு மாறினால் குறி விழும் இடமும் மாறும்.