ஆப்பிரிக்க அரசியல்: இனக்குழுவா, வர்க்கமா? வட ஆற்காட்டோடு ஒப்பிட்டு எழுதலாமா?

காட்பாடி மாணவன்:

வணக்கம். வேலூரில் எம்.ஏ. அரசியல் அறிவியல் படிக்கிறேன். ஆய்வேட்டுக்கு ஆப்பிரிக்காவை எடுத்திருக்கிறேன். வர்க்கம், அரசு அதிகாரம், காலனி ஆட்சி விட்டுப்போன அமைப்புகள், இந்த மூன்றும் எங்கே முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன என்பதுதான் கேள்வி. கிடைக்கிற கட்டுரைகளில் பாதி எல்லாவற்றுக்கும் இனக்குழுச் சண்டையே காரணம் என்று முடித்துவிடுகின்றன. மீதிப் பாதி ஊழல் என்கின்றன. இரண்டிலும் மனம் ஒப்பவில்லை.

அங்கே ஊர்த்தலைவர்களை வைத்து பிரிட்டிஷார் ஆண்டார்கள். இங்கே வட ஆற்காட்டில் மணியக்காரர், கர்ணத்தை வைத்து ஆண்டார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுதினால் நிற்குமா? எந்த நாட்டை எடுப்பது? எங்கே சறுக்கும்?

பாலாற்றங்கரை:

நிற்கும் தம்பி. ஆனால் ஒரு பக்கம் மாவட்டம், மறுபக்கம் கண்டம் என்று வைத்தால் முதல் அத்தியாயத்திலேயே சாய்ந்துவிடும். ஒரு நாட்டை எடுங்கள். எடுக்கும்போது அது எந்த வகைக் காலனி என்று பாருங்கள். கென்யா, தெற்கு ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே) போல வெள்ளையர் குடியேறி நிலத்தைப் பிடுங்கியதா, பெல்ஜியக் காங்கோ போல கம்பெனி சுரங்கமா, கோல்டு கோஸ்ட் (இன்றைய கானா), உகாண்டா போல உள்ளூர்க் குடியானவரே ஏற்றுமதிப் பயிர் வைத்ததா? வட ஆற்காட்டுக்குப் பக்கத்தில் வருவது மூன்றாவது வகைதான். பிரெஞ்சுக் காலனிகளை இந்த ஆய்வில் தொடவே வேண்டாம். நாணயமே வேறு கதை. 1945-ல் வந்த சிஎஃப்ஏ பிராங்க் இன்றும் யூரோவுக்கு 655.957 என்று கட்டிப்போடப்பட்டிருக்கிறது. அதைப் பிரிக்கவே தனி ஆய்வு வேண்டும்.

அடுத்தது மணியக்காரர். கிஸ்தி (நிலவரி) வசூலும் சில்லறை வழக்கும் அவர் கையில். கணக்கு கர்ணத்தின் கையில். மேலே தாசில்தார், வருஷத்துக்கொரு ஜமாபந்தி. நிலம் மட்டும் அவர் கையில் இல்லை. ரயத்துவாரியில் பட்டா குடியானவர் பேரில் இருந்தது. கிஸ்தியைக் கட்டிவந்தால் விற்கலாம், அடகு வைக்கலாம். வடக்கு நைஜீரியாவில் பிரிட்டிஷ் ஆட்சியாளர் லுகார்டு செய்த ஏற்பாடு வேறு. எமீர் என்ற முஸ்லிம் மன்னருக்குக் கஜானா, நீதிமன்றம், காவலர், நிலப் பங்கீடு எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்தன. உகாண்டா அறிஞர் மஹ்மூத் மம்தானி அழுத்திச் சொல்வது இதைத்தான்: பட்டணத்தில் இருப்பவருக்கு எழுதிய சட்டம், கிராமத்தில் இருப்பவருக்குத் ‘தலைவர் சொல்லும் வழக்கம்’, ஒரே அரசுக்கு இரண்டு முகம்.

இதன் விளைவைக் கவனியுங்கள். இங்கே பட்டா அடகுக்குப் போனது. வட்டிக்காரர், குத்தகைதாரர், கூலி என்று வர்க்கம் வெளிப்படையாகப் பிரிந்தது. அங்கே நிலம் வேண்டுமென்றால் வம்சத்தைச் சொல்லித்தான் தலைவரிடம் நிற்கவேண்டும். வெளியூரிலிருந்து வந்து பாடுபடுகிறவருக்கும், இளைஞருக்கும், பெண்களுக்கும் அதே வாசல்தான். அரசியல் வம்சத்தின் பேரால் பேசுவதற்குக் காரணம் ரத்தமல்ல. நிலம் கிடைக்கும் வழியே அப்படி அமைக்கப்பட்டது.

தலைவரே இல்லாத இடத்தில் தலைவரை உண்டாக்கியதும் உண்டு. தென்கிழக்கு நைஜீரியாவின் இக்போ ஊர்களில் அத்தாட்சிச் சீட்டு கொடுத்துத் தலைவர்களை நியமித்தார்கள். 1928-ல் ஆண்களுக்கு நேரடி வரி வந்தது. 1929 நவம்பரில் ஒலோகோ ஊரில் நுவான்யெருவா என்ற பெண் பனை எண்ணெய் பிழிந்துகொண்டிருந்தபோது, தலைவரின் ஆள் வந்து வீட்டிலுள்ள ஆட்களையும் ஆடுகளையும் எண்ணச் சொன்னான். உன் தாயை எண்ணினாயா என்று அவள் திருப்பிக் கேட்டாள். பெண்களுக்கும் வரி வரப்போகிறது என்ற செய்தி ஊர் ஊராகப் பரவி, நியமனத் தலைவர்களின் நீதிமன்றங்கள் தாக்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் 50-க்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். இதைக் ‘கலவரம்’ என்று எழுதிவிட்டு நகராதீர்கள். எண்ணுவது, வரி போடுவது, நியமனத் தலைவர் என்ற மூன்றுக்கும் எதிராக எழுந்தது அது.

அதற்காக இங்கே மென்மையாக ஆண்டார்கள் என்று எழுதவும் கூடாது. கிஸ்தி வசூலுக்காக கிட்டி போட்டு விரல் நசுக்கியதை 1855-ல் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழுவே பதிவு செய்திருக்கிறது.

குடியாத்தம் அக்கா:

கானாவையே எடுங்கள். இனக்குழு என்று சொல்லப்படுவதற்குள் வர்க்கம் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதைக் கணக்கோடு காட்டலாம்.

கொக்கோவுக்கு 1947-ல் சந்தைப்படுத்தும் வாரியம் வந்தது. விவசாயிக்கு ஒரு விலை, உலகச் சந்தையில் வேறு விலை, இடையில் உள்ளது அரசுக்கு. விலை விழும்போது தாங்கிப்பிடிக்க என்று சொல்லித்தான் ஆரம்பித்தார்கள். பிறகு அதுவே கஜானாவின் முக்கிய ஊற்றாகிவிட்டது. காலனி அரசு கட்டிய அந்தக் குழாயை முதல் பிரதமர் நிக்ருமாவின் அரசு அடைக்கவில்லை, அகலப்படுத்தியது. 1954 ஆகஸ்டில் 60 பவுண்டு எடை மூட்டைக்கு 72 ஷில்லிங் என்று நான்கு வருஷத்துக்கு நிறுத்திவைக்கச் சட்டம் வந்தது.

கணக்கைப் பாருங்கள். அங்கே டன் என்றால் 2,240 பவுண்டு எடை. 60-ஆல் வகுத்தால் 37 மூட்டையும் மூன்றிலொரு பங்கும். மூட்டைக்கு 72 ஷில்லிங் என்றால் 3.6 பவுண்டு ஸ்டெர்லிங். ஆக டன்னுக்கு 134 பவுண்டு சொச்சம். அந்த வருஷம் உலக விலை 400 பவுண்டுக்கு மேல். மாணவர்கள் சறுக்குவது இங்கேதான்: டன்னை 1,000 கிலோ என்று வைத்துவிடுவார்கள், அல்லது பவுண்டு எடையையும் பவுண்டு பணத்தையும் குழப்பிக்கொள்வார்கள்.

அடிமடியில் கை வைத்ததும் அடுத்த மாதமே, செப்டம்பரில், அசாந்தி வட்டாரத்தின் தலைநகரான குமாசியில் தேசிய விடுதலை இயக்கம் கிளம்பியது. கொக்கோ விவசாயிகள், தரகர்கள், அசாந்தித் தலைவர்கள் எல்லோரும் ஒரே கூட்டத்தில் நின்றார்கள். கோரிக்கை கூட்டாட்சி, கொடி அசாந்தி, அடியில் கொக்கோ விலை. பெரிய தோட்டக்காரரும் வடக்கிலிருந்து வந்து அவரிடம் வேலை செய்யும் கூலியும் ஒரே நலன் உள்ளவர்கள் அல்ல. அதனால் இதை வெறும் ‘விவசாயி எழுச்சி’ என்றும் எழுதிவிடாதீர்கள். எதிர்ப்பக்கத்தில் கொக்கோ வாங்கும் கம்பெனி ஒன்றை 1952-ல் அமைத்து, அதன் கடன் யாருக்குக் கிடைக்கும் என்பதை ஆளுங்கட்சி முடிவு செய்தது. 1956-ல் ஜிபோவு விசாரணைக் குழு இதை அம்பலமாக்கியது. கட்சிக்காரராக இருந்தால் கடன், கடன் இருந்தால் வியாபாரம். சொத்து இருப்பதால் ஆட்சி வந்ததல்ல, ஆட்சி இருப்பதால் சொத்து வந்தது. உங்கள் ஆய்வின் மையம் இதுவாக இருக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

காட்பாடி மாணவன்:

நன்றி அக்கா, நன்றி சார். அப்படியானால் தலைவர்களே ஒரு வர்க்கம், இங்கே ஆரணி ஜாகிர்தார் போல என்று எழுதலாமா?

சோளிங்கர் வாசகர்:

கானாவில் அப்படி எழுத முடியாது, உகாண்டாவுக்குள் இருந்த புகாண்டா அரசில் எழுதலாம். பிரிட்டிஷாரோடு செய்த 1900 ஒப்பந்தத்தில் 1,000 தலைவர்களுக்கும் தனியாருக்கும் என்று 8,000 சதுர மைல் ஒதுக்கினார்கள். அதுதான் மைலோ நிலம். குடிகள் அதே மண்ணில் ஒரே நாளில் குத்தகைக்காரர் ஆனார்கள். அவர்கள் பருத்தி பயிரிட, தலைவர்கள் குத்தகையை ஏற்றிக்கொண்டே போனார்கள். 1927 சட்டம்தான் அதற்கு வரம்பு கட்டியது. 1966-ல் உகாண்டாவை ஆண்ட ஒபோட்டேயின் படை புகாண்டா மன்னரின் மெங்கோ அரண்மனையைத் தாக்கியது, 1967-ல் மன்னராட்சி ரத்தானது. தனியார் மைலோ உரிமைகளோ அப்படியே இருந்தன. 1975-ல் இடி அமீன் எல்லா நிலமும் அரசுடையது என்றார். 1995 அரசியல் சட்டம் மைலோவை மறுபடி கொண்டுவந்தது. 1998 நிலச்சட்டப்படி, அரசியல் சட்டம் வருவதற்கு முன் 12 வருஷம் எதிர்ப்பின்றி இருந்தவருக்குப் பாதுகாப்பு உண்டு, உடைமை மட்டும் இல்லை. சென்னை மாகாணத்தில் 1948 சட்டம் ஜமீனை எடுத்துவிட்டு ரயத்துவாரிப் பட்டா கொடுத்தது. ஒப்பிட வேண்டிய புள்ளி இது.

பாலாற்றங்கரை சாரிடம் ஒரு கருத்து வேறுபாடு. எல்லா இடத்திலும் வாசலைக் காப்பவர் பரம்பரைத் தலைவர் அல்ல. தான்சானியா (அப்போது தாங்கனிக்கா) 1963-லேயே தலைவர் பதவியை ஒழித்தது. 1967 அருஷா பிரகடனம், கட்சி, அரசுப் பொறுப்பில் இருப்பவர் கம்பெனிப் பங்கு வைக்கக்கூடாது, வீடு வாடகைக்கு விடக்கூடாது, இரண்டு சம்பளம் வாங்கக்கூடாது என்றது. அப்படியும் தேசியமயமான வங்கியையும் ஆலையையும் நடத்திய அதிகாரிகளே ஒரு வர்க்கமானார்கள் என்று தான்சானிய அறிஞர் இசா ஷிவ்ஜி வாதிட்டார். கென்யாவில் ‘சீஃப்’ என்பவர் சம்பளம் வாங்கும் அரசு ஊழியர். மேலே மாவட்ட ஆணையர், அவருக்கு மேலே மாகாண ஆணையர். சுதந்திரத்துக்குப் பிறகும் அந்த ஏணி கலையவில்லை. அதிபர் மோய் காலத்தில் புது மாவட்டங்கள் பெருகின. 2010 அரசியல் சட்டம் 47 கவுண்டிகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநர்களைக் கொடுத்தது. பக்கத்திலேயே மத்திய அரசின் கவுண்டி ஆணையரும் இருக்கிறார். 1989-லும் 2019-லும் மாவட்டம் பிரிந்ததைப் பார்த்த நம் ஊருக்கு, கலெக்டர் அலுவலகம் எங்கே வருகிறது என்பதன் எடையைத் தனியாக விளக்கவேண்டாம்.

வாணியம்பாடி வாசகி:

வரியை விட்டுவிடாதீர்கள். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலை ஒரு பக்கமாவது சேருங்கள், வட ஆற்காட்டு ஆட்கள் ஒப்பந்தக் கூலியாகப் போன இடம் அது. சென்னையிலிருந்து முதல் கப்பல் 1860 நவம்பர் 16-ல் டர்பன் சேர்ந்தது. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர் மேல் 1895 சட்டம் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி போட்டது. மறுபடி ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைப்பதே நோக்கம். 1906-ல் குடிசை வரி கட்டாத ஆப்பிரிக்க ஆண்கள் மேல் 1 பவுண்டு தலைவரி விழுந்தது. ஜூலு தலைவர் பம்பாதாவின் கிளர்ச்சி வெடித்தது. இரண்டு வரியும் காசாகவே கட்டவேண்டும். கையில் காசு இல்லாதவர் கூலிக்குத்தான் போகவேண்டும். 3 பவுண்டு வரி 1913 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு 1914-ல் ரத்தானது.

காட்பாடி மாணவன்:

கானா என்று முடிவு செய்துவிட்டேன். தலைவர்களுக்கு இன்றும் நிலத்திலிருந்து வருமானம் சட்டப்படி உண்டா?

பாலாற்றங்கரை:

உண்டு. 1992 அரசியல் சட்டம் பிரிவு 270 தலைவர் பதவிக்கே உத்தரவாதம் தருகிறது. பிரிவு 276 அவர்கள் கட்சி அரசியலில் இறங்கக்கூடாது என்கிறது. பங்கீடு பிரிவு 267-ல் இருக்கிறது. பீட நில (தலைவர் பதவியோடு சேர்ந்த பொது நிலம்) வருமானத்தில் முதலில் 10 சதவீதம் நிர்வாக அலுவலகத்துக்கு. மீதியில் 25 சதவீதம் பீடத்துக்கு, 20 பாரம்பரிய அதிகார அமைப்புக்கு, 55 மாவட்ட மன்றத்துக்கு. சதவீதங்களை 100-க்குப் போட்டுப் பலர் தப்புச் செய்கிறார்கள். 100 செடி (கானா நாணயம்) வந்தால் 10 போக 90-ல்தான் பங்கு: 22.50, 18, 49.50.

நிலம் ஒதுக்கும்போது தலைவருக்கு மொத்தமாகத் தரும் ‘பானப் பணம்’ இந்தப் பங்கீட்டுக்கு வெளியே போகிறது. நகரோர மனைகளில் அதுதான் பெரிய தொகை. கணக்கில் வருவதை மட்டும் வைத்துத் தலைவர் ஏழை என்று முடிவுகட்டிவிடக்கூடாது. வட ஆற்காட்டுப் பக்கத்துக்கு எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் செட்டில்மென்ட் ரிஜிஸ்டரைக் கேளுங்கள், கிராமவாரியாக இருக்கும். கிராமத்தின் பழைய தாலுகா பெயரோடு போங்கள். சித்தூர் 1911-ல் பிரிந்தது, அதற்கு முந்தைய கட்டுகளில் தாலுகாக்கள் இன்றைய வரிசையில் கிடைக்காது.