டேபிள் டென்னிஸில் உங்கள் கைக்கு எந்த பிளேடு, எந்த ரப்பர்? மேசையில் பட்ட அனுபவங்களைச் சொல்லுங்கள்

பழையமட்டை_சென்னை

எங்கள் ஹாலுக்கு ஒரு பையன் வருகிறான், பத்தாம் வகுப்பு படிக்கிறான். பிறந்தநாளுக்கு அவன் அப்பா விஸ்காரியா பிளேடு, அதாவது ரப்பர் ஒட்டாத வெறும் மட்டை, வாங்கி, இரண்டு பக்கமும் டெனர்ஜி 05 ரப்பர் ஒட்டிக் கொடுத்துவிட்டார். சீனாவின் ஒலிம்பிக் சாம்பியன் ஜாங் ஜிகே வைத்திருந்த பிளேடு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு ஷீட் ரப்பரே சில ஆயிரம் ரூபாய், யோசித்துப் பாருங்கள்.

பையன் ஆட்டம் என்னவோ மேசையை ஒட்டி நின்று பிளாக் பண்ணுவதும் (வரும் பந்துக்கு மட்டையை வைத்துத் தடுத்து அனுப்புவது), கிடைத்தால் ஒரு தட்டு தட்டுவதும்தான். மர அடுக்குகளுக்கு நடுவே கார்பன் இழை வைத்த அந்த வேகமான பிளேடில் பந்து பட்டதும் தெறித்து எண்டு லைனைத் தாண்டிப் போகும். பந்து வெளியே போகிறதே என்று அவன் என்ன செய்தான் என்றால், வீச்சைக் குறைத்துக்கொண்டே வந்தான். ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்தேன், ஃபோர்ஹேண்ட் லூப் (பந்தை மேல்நோக்கி உரசிச் சுழற்றி அடிப்பது) என்று அவன் செய்வதில் முழங்கை விலாவை விட்டு நகரவே இல்லை, மணிக்கட்டு மட்டும் ஒரு சொடுக்கு. வேகமான மட்டையில் எனக்குப் பெரிய பயமே இதுதான். பந்து வெளியே போவதைவிட, கை சுருங்கிப்போவது மோசம், அது பழகிவிட்டால் அப்புறம் நிமிர்த்துவது கஷ்டம்.

கோச் அந்த மட்டையை வாங்கிப் பையில் போட்டுவிட்டு, ஐந்து அடுக்கு மரத்தில் ஸ்டிகா ஆல்ரவுண்ட் கிளாசிக் கொடுத்தார், அதில் யாசகா மார்க் வி ரப்பர், அடியில் 1.8 மி.மீ. ஸ்பாஞ்ச். அந்த ரப்பர் 1969இல் வந்தது, இன்னும் விற்கிறது, காரணமில்லாமல் இல்லை. பந்து கொஞ்ச நேரம் மட்டையில் தங்குவது கைக்குத் தெரியும், முழுசாக வீசினால்தான் அந்தப் பக்கம் போகும், அதனால் பையன் முழுசாக வீச ஆரம்பித்தான்.

என்னிடம் யாராவது "சார், என்ன ரப்பர் வாங்கலாம்" என்று கேட்டால் நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: பாயின்ட் எதில் எடுக்கிறீர்கள்? சர்வீஸ் போட்டு மூன்றாவது பந்தை லூப் அடித்தா, எதிராளி அடிக்கட்டும் என்று பிளாக் பண்ணியா, பந்தின் அடியை வெட்டி மெதுவாகப் புஷ் பண்ணிப் பண்ணி அவரைத் தப்பு செய்ய வைத்தா? இதற்குப் பதில் தெரியாதவருக்கு கார்பன் இல்லாத மரமட்டைதான் சரி. பதில் தெரிந்தவர் அநேகமாக என்னிடம் கேட்கவே மாட்டார்.

ஸ்பின்னுக்கு_அடிமை

சார் சொல்வதோடு முக்கால்வாசி ஒத்துப்போகிறேன். ஆனால் கார்பன் என்றாலே ஓடக் கூடாது. அந்த கார்பன் இழை மேல் மர அடுக்குக்கு அடியிலேயே இருந்தால் ஒரு மாதிரி, நடுமரத்தை ஒட்டி உள்ளே இருந்தால் வேறு மாதிரி. இரண்டாவது வகையில் மெதுவாகத் தொட்டால் மரம் மாதிரியே இருக்கும், ஓங்கி அடித்தால்தான் கார்பன் வேலை செய்யும். மேசையை விட்டு இரண்டடி தள்ளி நின்று லூப் அடிக்கிறவர்களுக்கு அது நல்ல நடுவழி.

நான் சொல்ல வந்தது சைனா ரப்பர் கதை. ஹரிகேன் 3 ஒட்டினால் சீன சாம்பியன் மா லாங் மாதிரி சுழற்றலாம் என்று எங்கள் கிளப்பில் ஒரு அலை அடித்தது. மேல் ஷீட் பிசுபிசு என்று பந்தைத் தூக்கிப் பிடிக்கும், உண்மைதான், சர்வீஸ் போட அருமை. ஆனால் ஸ்பாஞ்ச் கல்லு. இடுப்பும் காலும் சேர்ந்து வராத கைக்கு அந்த ரப்பர் ஒன்றும் தராது, பந்து நெட்டில் போய் விழும். டெனர்ஜி மாதிரி ரப்பர் நேர்மாறு, சின்ன அசைவுக்கும் அதுவே தூக்கிக் கொடுக்கும். அதே குணத்தால் எதிராளி சர்வீஸில் இருக்கும் ஸ்பின்னையும் அப்படியே வாங்கிக்கொள்ளும், ரிசீவ் எகிறி நிற்கும். ஹரிகேனை உயிர்ப்பிக்கிறேன் என்று சிலர் பூஸ்டர் எண்ணெய் தடவுகிறார்கள், சர்வதேச டேபிள் டென்னிஸ் சம்மேளனமான ஐடிடிஎஃப் விதிப்படி ரப்பருக்கு எந்த ரசாயன வைத்தியமும் கூடாது. சும்மா விளையாடுகிறவருக்கு அந்த வாசனையும் தலைவலியும் எதற்கு?

அப்புறம் நம்ம ஊர் வேர்வை. பந்து வெறும் 2.7 கிராம், ஃபேன் போட்டால் அலையும், அதனால் ஃபேனை அணைத்துவிடுவார்கள். ஐப்பசி மழை நேரத்தில் அந்த ஹாலில் நின்று பாருங்கள். ரப்பரில் ஈரம் ஏறினதும் பந்து பிடிபடாமல் வழுக்கிக் கீழே இறங்கும், என்னடா லூப் எல்லாம் நெட்டில் விழுகிறதே என்று ஸ்ட்ரோக்கை மாற்றிக்கொண்டிருப்போம். நான் சின்ன டவலை ஷார்ட்ஸில் செருகிக்கொள்வேன். பிசுபிசு ரப்பருக்குத் தூசியும் பெரிய எதிரி, ஆடி முடித்ததும் துடைத்து பிளாஸ்டிக் ஷீட் ஒட்டாவிட்டால் சீக்கிரமே அதன் பிடிப்பு போய்விடும்.

சாப்பர்_மதுரை

அண்ணே, நான் எதிர்ப்பக்கத்து ஆள். பேக்ஹேண்டில் லாங் பிம்பிள்ஸ், அதாவது நீளமான ரப்பர் குமிழ்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஷீட், ஸ்பாஞ்ச் இல்லாமல். என்னோடு ஆடிவிட்டுப் போகிறவர்களில் பாதிப் பேர் கையைக் குலுக்கும்போது முகத்தைப் பார்ப்பதில்லை.

எனக்கு இந்த ஆசையைக் கிளப்பியது ரிட்டயர் ஆன ஒரு ரயில்வே பெரியவர். தொப்பை, முழங்காலில் பட்டை, மேசையை விட்டு ஒரு அடி நகரமாட்டார். என்னைவிட வேகமாக அடிக்கிற ஒரு காலேஜ் பையன், ஸ்டேட் லெவல் ஆடினவன், அவரிடம் நின்று லூப் மேல் லூப் போட்டான். பெரியவர் மட்டையை ஆட்டக்கூட இல்லை, சும்மா வைத்தார். பந்து மெதுவாகத் திரும்பி வந்து பையன் மட்டையில் பட்டதும் சரேலென்று நெட்டின் அடிப்பாகத்துக்குப் போனது. இன்னும் பலமாகச் சுழற்றினான், இன்னும் கீழே போனது. அவனுக்குப் புரியாத விஷயம் அது அவன் போட்ட ஸ்பின் என்பதுதான். சாதா ரப்பர் பந்தைப் பிடித்துச் சுழற்சியைத் திருப்பிவிடும். நீளமான பிம்பிள்ஸ் மடங்கி வழுக்கிவிடும், பந்து சுற்றின வாக்கிலேயே சுற்றிக்கொண்டு திரும்பும். ஆக நீங்கள் போட்ட டாப்ஸ்பின் (முன்னோக்கிச் சுழல்வது) உங்களுக்கே பேக்ஸ்பின்னாக (பின்னோக்கிச் சுழல்வது) வரும். நீங்கள் கீழே வெட்டிப் புஷ் பண்ணினால் திரும்பி வருவது லேசான டாப்ஸ்பின், அதை மறுபடியும் புஷ் பண்ணினால் எகிறும்.

அதனால் எங்களோடு ஆடும்போது கனமாக லூப் போடாதீர்கள். பிம்பிள்ஸுக்கு ஸ்பின்னே இல்லாத நீளப் பந்தாகத் தாருங்கள், அதில் நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது, எங்களுக்குத் தீனி உங்கள் ஸ்பின்தான். அப்புறம் வருவதை நிதானமாக அடியுங்கள். மேட்சுக்கு முன்னால் எதிராளி மட்டையை வாங்கிப் பார்க்க விதியே இடம் தருகிறது, வெட்கப்படாமல் வாங்கி விரலால் தடவிப் பார்த்து எந்தப் பக்கம் எந்தக் கலர் என்று மனதில் வையுங்கள். மட்டையைக் கையில் திருப்பிப் போட்டு ஏமாற்றுவோம், கருப்பு எது, சிவப்பு எது என்று தெரிந்தால்தான் தப்பிக்கலாம். 2021இலிருந்து சிவப்புக்குப் பதில் பச்சை, நீலம், ஊதா, பிங்க்கும் அனுமதி, ஆனால் ஒரு பக்கம் கருப்பு கட்டாயம்.

இதைக் குறுக்குவழி என்று சிலர் முணுமுணுப்பார்கள். மனிகா பத்ரா 2018 கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த்தில் சிங்கப்பூரின் ஃபெங் தியான்வேயைச் சாய்த்தது பேக்ஹேண்டில் பிம்பிள்ஸ் வைத்துத்தான். 1952இல் பம்பாயில் நடந்த உலகப் போட்டியில் ஜப்பானின் ஹிரோஜி சாட்டோ தடிமனான ஸ்பாஞ்ச் மட்டையோடு வந்து, பந்து படும் சத்தமே கேட்காமல் எல்லோரையும் தடுமாற வைத்துப் பட்டத்தைத் தூக்கிப்போனார். அன்றைக்கும் முணுமுணுத்தார்கள். இன்றைக்கு முணுமுணுக்கிறவர் கையில் இருப்பதும் ஸ்பாஞ்ச் மட்டைதான்!

ஆனால் பந்தை ஓங்கி அடிப்பதில்தான் உங்களுக்கு சந்தோஷம் என்றால் பிம்பிள்ஸ் பக்கம் வராதீர்கள். பொறுமை இருக்கிறவன் ஆயுதம் இது.

இடதுகை_ஆட்டக்காரன்

மட்டை எடையை யாருமே சொல்லவில்லையே. 2.1 மி.மீ. ஸ்பாஞ்ச் உள்ள ரப்பர் ஷீட் ஒன்று வெட்டின பிறகு 45-லிருந்து 50 கிராம் வரும், 90 கிராம் பிளேடில் இரண்டு பக்கமும் ஒட்டினால் 180-லிருந்து 190 ஆகிவிடும். எனக்கு மூன்றாவது கேமிலேயே தோள் இழுத்தது. பேக்ஹேண்ட் பக்கம் மட்டும் மெல்லிய ஸ்பாஞ்சுக்கு மாறினேன், அங்கே நான் பிளாக்தான் பண்ணுகிறேன், தடிமன் எதற்கு. வலி போய்விட்டது. இன்னொரு கேள்வி: பழைய ரப்பரை உரித்தபோது மேல் மரம் சிராய் சிராயாகப் பிய்ந்து வந்துவிட்டது, இனி அந்த பிளேடு அவ்வளவுதானா?

பழையமட்டை_சென்னை

இல்லை தம்பி. மேல் அடுக்கு லிம்பா மரமாக இருந்தால் அது சகஜம். பிய்ந்த சிராயை வுட் க்ளூ வைத்துப் படிய ஒட்டி, காய்ந்ததும் மெல்லிய உப்புத்தாளால் ஒரு தேய், அப்புறம் வார்னிஷ் மிக லேசாக ஒரே ஒரு பூச்சு. அதிகம் பூசினால் பிளேடு இறுகிப்போகும். அடுத்த முறை உரிக்கும்போது ஒரு மூலையிலிருந்து மர ரேகைக்குக் குறுக்கே மெதுவாக இழுங்கள், ரேகையோடு இழுத்தால் மரமும் கூடவே வரும். தண்ணீர் க்ளூதானே போட்டீர்கள்? வெள்ளை நிறம் முழுசாக மறைந்து கண்ணாடி மாதிரி ஆன பிறகுதான் ஒட்ட வேண்டும், மழைக்காலத்தில் அதற்கு வழக்கத்தைவிட நேரமாகும்.