மனசு வராதபோதும் ஸ்தோத்திரம் சொல்வது: விசுவாசமா, வேஷமா?

பாளைவாசி:
எங்கள் சபையில் இந்த மாதம் ஓர் ஏற்பாடு. காலையில் எழுந்ததும் ஆயிரம் துதி வரிகள் உள்ள ஆயிரம் ஸ்தோத்திரப் புத்தகத்திலிருந்து எல்லாரும் நூறு வரி சொல்ல வேண்டும். மனசு வந்தாலும் வராவிட்டாலும் சொல்லணும், துதி ஒரு தீர்மானம் என்கிறார் பாஸ்டர். எனக்கும் சரியென்றே படுகிறது. "கர்த்தரை நான் எக்காலத்திலும் ஸ்தோத்திரிப்பேன்" என்கிற 34ஆம் சங்கீதத்தின் தலைப்பைப் பாருங்கள். தாவீது எதிரி ராஜாவின் முன் பைத்தியக்காரன் வேஷம் போட்டு, கதவைக் கீறி, தாடியில் நுரை வழிய நின்று தப்பித்த சமயம். அப்போது துதி தானாகவா பொங்கியிருக்கும்?

சந்தேகத் தோமா:
உயிர் தப்பியவன் பாடுவதற்குத் தீர்மானம் எதற்கு? தானாகவே வரும். உதடு கனம்பண்ணுகிறது, இருதயம் தூரமாய் இருக்கிறது என்று ஏசாயா 29:13 சொல்வதைத்தான் நான் பார்க்கிறேன். எங்கள் பெரியம்மா அடுப்படியில் குக்கர் விசிலையும் எண்ணுவார், ஸ்தோத்திரத்தையும் எண்ணுவார். ஒன்று தப்பினால் இரண்டும் தப்பும்.

நைட் டியூட்டி:
பெரியம்மாவைக் கிண்டல் பண்ணாதீங்க தம்பி. நான் நர்ஸ். ராத்திரி வேலை முடிந்து பஸ்ஸில் உட்காரும்போது தூக்கம்தான் வரும், துதி வராது. மனசுக்காகக் காத்திருந்தால் வாரமே ஓடிவிடும். பிலிப்பி சிறையில் பவுலும் சீலாவும் பாடியது பூமி அதிர்ந்து சிறைக் கதவு திறந்த பிறகு இல்லை. முதுகில் அடிகாயம், கால் தொழுமரம் என்ற கட்டையில் மாட்டியபடி, நடுராத்திரி. ஆபகூக் தீர்க்கதரிசியும் அப்படித்தான். அத்திமரம் துளிர்க்கவில்லை, திராட்சையில் பழமில்லை, தொழுவத்தில் மாடில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுத்தான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்கிறார்.

சந்தேகத் தோமா:
சொல்லிவிட்டு! அதைத்தான் அக்கா நானும் கேட்கிறேன். "மாடில்லை" என்று சொல்வதற்கு அந்த ஆயிரத்தில் ஒரு வரி உண்டா? அப்பா இறந்த மூன்றாம் நாள் ஒரு ஊழியர் வீட்டுக்கு வந்து, அம்மாவிடம் "அழாதீங்க, ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்றார். அம்மாவும் சொன்னார். இப்போது யாராவது அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து உள்ளே போய்விடுகிறார். 88ஆம் சங்கீதத்தைப் படியுங்கள். 18 வசனம், கடைசி வரை இருட்டு.

பாளைவாசி:
13ஆம் வசனத்தை விட்டுவிட்டீர்களே. "காலையிலே என் விண்ணப்பம் உமக்கு முன்பாக வரும்." அந்த மனுஷனும் காலையில் வந்து நிற்கிறார். மனசு நிறைந்தா வந்தார்?

சந்தேகத் தோமா:
வந்தார், சரி. வந்து என்ன சொன்னார்? ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று கேட்டார். செத்துப்போனவர்கள் எழுந்து உம்மைத் துதிப்பார்களோ என்று சண்டை போட்டார். தினமும் வருவது தீர்மானமாக இருக்கட்டும், எனக்கு மறுப்பில்லை. வந்தவன் வாயில் என்ன வர வேண்டும் என்பதையும் நூறு வரியாக அச்சடித்துக் கொடுப்பதுதான் இடிக்கிறது.

நைட் டியூட்டி:
அம்மாவிடம் அப்படிச் சொன்னது தப்பு, எனக்கே கோபம் வருகிறது. ஆனால் எனக்கு நானே சொல்லிக்கொள்வதும், துக்க வீட்டில் இன்னொருவர் வந்து சொல்வதும் ஒன்றா? 103ஆம் சங்கீதத்தில் தாவீது "என் ஆத்துமாவே" என்று தன்னைத்தான் அதட்டுகிறார், பக்கத்து வீட்டுக்காரரை இல்லை.

கடலோரம்:
117இல் சகல ஜாதிகளையும் கூப்பிடுகிறதே?

நைட் டியூட்டி:
கூப்பிடுகிறது. யார் வந்தார், யார் வரவில்லை என்று கணக்கு எடுக்கவில்லை.

பாளைவாசி:
அக்கா, சொல்ல மறந்துவிட்டேன். முடித்தவர்கள் வாட்ஸாப் குழுவில் கைகூப்பும் படம் போட வேண்டும்.

சந்தேகத் தோமா:
ஆங், அப்படி வாங்க. அப்போ தீர்மானம் உங்களுடையதா, குழுவுடையதா?

பாளைவாசி:
படம் போடுவதை எடுத்துவிடச் சொல்லி பாஸ்டரிடம் கேட்கிறேன். ஆனால் ஒன்று. அது இல்லாவிட்டால் பாதிப்பேர் எழவே மாட்டார்கள், நானும் சேர்த்துத்தான்.