மறு: விரிவாக்க அட்டை – ‘கண்டறிதல்’ போதுமா?

வணக்கம் நண்பர்களே,

போன வாரம், கணினிக்குக் கூடுதல் வசதி தரச் செருகும் விரிவாக்க அட்டையைக் கணினி தெரிந்துகொள்வதைக் குறிக்கும் ‘டிடெக்‌ஷன்’ என்பதற்குத் தமிழில் ‘கண்டறிதல்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்தோம். நானும் சரி என்றேன். இப்போது அந்தச் சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

ராயபுரத்தில் மூடிவிட்ட ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோவிலிருந்து வந்த அமிகா 2000 என்ற பழைய கணினி என் மேசையில் இருக்கிறது. 1987-இல் வந்த மாடல். உள்ளே 5 ஸோரோ ஸ்லாட், அதாவது விரிவாக்க அட்டைகளைச் செருகும் இடங்கள். முன் ஸ்லாட்டில் நினைவக அட்டை, அதற்கு அடுத்ததில் வன்தட்டு அட்டை. சுட்டியின் இரண்டு பொத்தான்களையும் அழுத்திக்கொண்டு இயக்கினால், கிக்ஸ்டார்ட் 2 (கணினியைத் தொடங்கிவைக்கும் உள்ளமை மென்பொருள்) உள்ள அமிகாவில் ஒரு பட்டியல் வரும். எந்தெந்த அட்டை தெரிகிறது என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். என் பட்டியலில் நினைவகம் மட்டும் இருந்தது. ‘வன்தட்டு அட்டை கண்டறியப்படவில்லை’ என்று நோட்டில் எழுதினேன்.

அந்த ஒரு வாக்கியம் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தின்றது. அட்டை கண்டறியப்படவில்லை என்று எழுதிவிட்டால் கை தானாக அந்த அட்டைக்குத்தான் போகிறது. விளிம்பை ஆல்கஹால் தொட்டுத் துடைத்தேன். அதிலிருந்த ரோம் சில்லைக் கழற்றி மாட்டினேன். கேபிளை மாற்றினேன். சாயங்காலம்தான் இரண்டு அட்டைகளையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கத் தோன்றியது. முன் ஸ்லாட்டுக்குப் போன வன்தட்டு உடனே பட்டியலில் வந்தது. பின்னால் போன நினைவகம் காணாமல் போனது. அட்டை இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. அந்த இரண்டு ஸ்லாட்டுக்கும் நடுவே தாய்ப்பலகையில் ஓடும் ஒரு மெல்லிய தடம் பச்சை பூத்து அறுந்திருந்தது. பழைய பேட்டரி கசிந்த இடம், போதாததற்கு இத்தனை வருடக் கடல் காற்று. மல்டிமீட்டர் வைத்து உறுதி செய்துகொண்டு, மெல்லிய கம்பி ஒன்றை வைத்துப் பற்றவைத்தேன். இரண்டும் வந்துவிட்டன.

அந்தத் தடம் என்ன வேலை செய்கிறது என்பதில்தான் நம் கலைச்சொல் இருக்கிறது. வண்ணாரப்பேட்டையில் நான் சிறு வயதில் போன கிளினிக்கில் கம்பவுண்டர் ஒரு ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். முறை வந்ததும் போய்ப் பேர் கொடுக்க வேண்டும். அவர் ஒரு நம்பர் தருவார். வாங்கிக்கொண்டு பெஞ்சுக்குப் போய்விட்டால் அடுத்த ஆள் ஜன்னலுக்கு வருவார். அமிகாவில் நடப்பதும் அதேதான். முறை வந்த அட்டை மட்டும் E80000 என்ற முகவரியில் வந்து நிற்கும். தயாரிப்பாளர் எண், பொருள் எண், எவ்வளவு இடம் வேண்டும் என்பதையெல்லாம் நான்கு நான்கு பிட்டாகச் சொல்லும். கணினி ஒரு முகவரியைத் தரும். அட்டை அங்கே குடிபோனதும் அந்தத் தடம் வழியாக முறையை அடுத்த ஸ்லாட்டுக்கு விட்டுக்கொடுக்கும். நடுவில் காலி ஸ்லாட் இருந்தால் அதைத் தாண்டி முறை போகவும் தாய்ப்பலகையில் ஏற்பாடு உண்டு.

ஆக, அட்டை பட்டியலில் இல்லை என்றால் மூன்றில் ஒன்று நடந்திருக்கலாம். முறை வந்தும் அது பேர் கொடுக்காமல் இருந்திருக்கலாம். முறையே வராமல் போயிருக்கலாம், என் கதை அதுதான். அல்லது பேர் கொடுத்தும் இடம் இல்லாமல் போயிருக்கலாம்: இந்த ஸ்லாட்டுகளின் வகையான ஸோரோ 2-இல் நினைவகத்துக்கு உள்ள இடம் 8 மெகாபைட், அதை ஒரே அட்டை முழுதாக எடுத்துக்கொண்டால் பின்னால் வரும் 2 மெகாபைட் அட்டைக்கு முகவரி கிடையாது. கணினி அதை ஒதுங்கச் சொல்லிவிட்டு அடுத்ததைக் கூப்பிடும். இந்த மூன்றுக்கும் ‘கண்டறியப்படவில்லை’ என்று ஒரே சொல்லைப் போட்டால், பழுது பார்ப்பவர் எங்கிருந்து தொடங்குவார்?

அதனால் என் முன்மொழிவு: அட்டை தன்னைச் சொல்வது பெயர்கொடுப்பு. கணினி இடம் தருவது முகவரி வழங்கல். ‘ஒதுக்கல்’ வேண்டாம், தருவதற்கும் ஓரங்கட்டுவதற்கும் அதே சொல் என்பதால் இந்த இடத்தில் ஆபத்து. முறையை எடுத்துப் போகும் தடம் முறைத்தடம்.

‘கண்டறிதல்’ என்ற சொல்லைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. ஆப்பிள் 2 என்ற இன்னொரு பழைய கணினியில் எந்த ஸ்லாட்டுக்கு எந்த முகவரி என்பது முன்பே தீர்ந்த விஷயம். இயக்கியதும் கணினியே 7-ஆம் ஸ்லாட்டிலிருந்து கீழிறங்கி, வட்டு அட்டையின் அடையாள பைட்டுகள் இருக்கின்றனவா என்று பார்க்கும். அங்கே தேடுவது கணினி. ‘கண்டறிதல்’ அங்கே கச்சிதம்.

– தண்டையார்பேட்டையிலிருந்து

*

அண்ணே, வணக்கம்.

மூன்று பழுதையும் பிரித்தது நல்லது. ஆனால் இரண்டு சந்தேகம். ‘வருகைப்பதிவு’ என்றால் எல்லாருக்கும் புரியுமே, பள்ளிக்கூடத்தில் ‘உள்ளேன் ஐயா’ சொன்னவர்கள்தானே நாம்? அப்புறம், ‘முறை’ என்றதும் படிப்பவர் ‘செய்முறை’ என்று எடுத்துக்கொள்ள மாட்டாரா?

– கொடுங்கையூரிலிருந்து

*

தம்பி, முதலில் நானும் வருகைப்பதிவைத்தான் நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கையில் பெயர்ப்பட்டியல் இருக்கும். அவர் கூப்பிடுவார், பையன் பதில் சொல்வான். அமிகாவிடம் பட்டியல் இல்லை. யார் வந்திருக்கிறார்கள் என்று அதற்கு முன்கூட்டித் தெரியாது. வந்த அட்டைதான் தன் பேரைச் சொல்ல வேண்டும். அது தெரிந்தால்தான், அந்த அட்டைக்கென்று கணினியில் எதையும் முன்னதாக அமைக்க வேண்டியதில்லை என்பதும், ஜம்பரை (அட்டையில் உள்ள சின்ன இணைப்புத் துண்டை) மாற்றி மாற்றி முகவரி வைக்கும் தொல்லை ஏன் அங்கே இல்லை என்பதும் புரியும்.

‘முறை’ பற்றிய பயம் நியாயமானது. ஆனால் முறைப்பாசனம் என்றால் எந்த விவசாயியும் தவறாகப் புரிந்துகொள்வதில்லை. நம் தெருவில் லாரித் தண்ணீருக்குக் குடத்தை வைத்துவிட்டு ‘அடுத்த முறை என்னுது’ என்கிறார்கள். ‘தடம்’ என்ற சொல்லும் கூடவே ஒட்டி நிற்பதால் குழப்பம் வராது என்றே நம்புகிறேன்.

‘பெயர்கொடுப்பு’ காதுக்குக் கொஞ்சம் கரடுமுரடாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ‘பெயர்தரவு’ என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். ‘தரவு’ ஏற்கெனவே வேறு வேலை பார்க்கிறது, அதனால் ஏற்கவில்லை. இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். மாறாத நிபந்தனை ஒன்றுதான்: சொல்பவர் அட்டை என்பது அந்தச் சொல்லில் தெரிய வேண்டும்.

– தண்டையார்பேட்டையிலிருந்து