எக்ஸ்பயர் என்டு சொல்லி சாவுச் செய்தி கேட்டவங்க எழுதுங்க

கல்லடி மகள்:
அப்பா ஐசியூவில. விடியச்சாமம் ஒரு டொக்டர் வெளியில வந்தார். சிங்களப் பிள்ளை, தமிழ் வராது. அம்மாவைப் பார்த்து "பேஷன்ட் எக்ஸ்பயர்ட்" என்டார். அம்மா சீலைத் தலைப்பில முடிஞ்சு வச்சிருந்த காசை அவிழ்த்து என்ட கையில திணிச்சா. "மருந்து திகதி முடிஞ்சிட்டாம் புள்ள, பாமசிக்கு ஓடிப் போய்ப் புதுசு வாங்கிட்டு வா." நாள்முழுக்க மருந்துத் துண்டோட ஓடின மனிசி, வேற என்னத்தை நினைப்பா? டொக்டர் குனிஞ்ச தலை நிமிரல்ல. அந்தக் காசுத்தாள் எல்லாம் வேர்வையில ஒன்டோட ஒன்டு ஒட்டிப்போய்க் கிடந்தது. நான் அம்மாக்கு எப்படி விளங்கப்படுத்தினன் என்டு இப்பவும் ஞாபகம் வருகுதில்ல.

வாழைச்சேனை, இப்ப கட்டார்:
அம்மா மோசம் போனதுக்கு லீவு கேட்டு "மை மதர் எக்ஸ்பயர்ட்" என்டு மெசேஜ் போட்டன். மனேஜர் இங்கிலாந்துக்காரர். "அவவின்ட விசாவா?" என்டு திருப்பிக் கேட்டார். "டைட்" (died, செத்திட்டா) என்டு ஒரு சொல்லுத்தான் அனுப்பினன். உடனே கோல் எடுத்தார், அன்டைக்கே டிக்கட்டும் போட்டுத் தந்தார். ஆனா அந்த "விசாவா" மனசை விட்டுப் போகுதில்ல. ஊர்ல எல்லாரும் சொல்லுற சொல்லுத்தானே அது?

காரைதீவு சேர்:
தம்பி, நீங்க எழுதினது பிழையில்ல. எக்ஸ்பயருக்கு லத்தீன்ல மூச்சை வெளியில விடுறது என்டு கருத்து. பழைய ஆங்கில எழுத்தில ஆட்களுக்கும் வரும். இன்டைக்கு இங்கிலாந்தில பாஸ்போட், லைசன் காலாவதியானாத்தான் பெரும்பாலும் அப்படிச் சொல்லுவாங்க. ஆளுக்குச் சொல்லுற வழக்கம் நம்மட பக்கமும் இந்தியாவிலயும் இன்னும் நிலைச்சிருக்கு. என்ட அண்ணர் போனப்பவும் தந்தியில அதுதான் வந்தது. கடிதம் எழுதுற பிள்ளைகள் "டைட்" இல்லாட்டி "பாஸ்ட் அவே" என்டு எழுதுங்க. "வாஸ் டைட்" என்டு எழுத வேண்டாம், அந்த வினைக்குச் செயப்பாட்டுவினை இல்ல. நோய் வருத்தத்தால என்டா "டை ஒஃப்" (die of). காயத்தால என்டா "டை ஃப்ரொம்" கூட வரும். "பெரிஷ்ட்" என்டது 2004 சுனாமி மாதிரி அழிவுக்கு.

சம்மாந்துறை நேர்ஸ்:
கல்லடித் தங்கச்சி, அந்த டொக்டரில கோவப்படாதீங்க. நோயாளிட துண்டில நாங்களே அந்தச் சொல்லைத்தான் எழுதுறம், அது வாயிலயும் வந்திடும். கெட்ட செய்தி சொல்லுறதுக்கு ஸ்பைக்ஸ் என்டு ஆறு படி முறை 2000ஆம் ஆண்டில வந்தது. வைத்தியச் சொல் பாவிக்காம, சனத்துக்கு விளங்குற சொல்லில சொல்லு என்டு அதில இருக்கு. ஒரு உம்மாட கையைப் பிடிச்சு "வாப்பா மௌத்தாகிட்டார்" என்டன். அந்த நொடியே "இன்னாலில்லாஹி" ஓதத் தொடங்கினா. விளங்கினாத்தானே அழவும் ஏலும்! தமிழ் தெரியாத டொக்டர் செய்தி சொல்லப் போகக்குள்ள, தமிழ் தெரிஞ்ச ஒராள் பக்கத்தில நிக்கத்தான் வேணும்.

திருக்கோவில்:
சேர், இலக்கணம் இருக்கட்டும். எங்கட மாமிட மகனை 1990இல பிடிச்சிட்டுப் போனது, ஆள் திரும்பல்ல. காணாமப்போன ஆக்களுக்கு மரணச் சான்றிதழ் எடுக்கலாம் என்டு 2010இல இலங்கையில சட்டம் வந்தது. ஃபோமில "டெத்" என்ட சொல்லை நான் வாசிச்சன். மாமி பெருவிரலால அதை அழுத்தி மறைச்சா. "செத்த திதி தெரியுமா உனக்கு? பிறகு எப்படி ஒப்பம் வைக்கச் சொல்லுறாய்?" என்டு என்னைத்தான் கேட்டா. நேர்ஸ் அக்கா, விளங்கினா அழலாம் என்டுறீங்க. மாமிக்கு எந்தப் பாசையில சொன்னாலும் அந்தச் சொல் சரிவராது. 2016இல சட்டத்தைத் திருத்தி, ஆளைக் காணல்ல என்டு மட்டும் சொல்லுற சான்றிதழ் ஒன்டும் கொண்டுவந்தாங்க. அதுக்குத்தான் மாமி ஒப்பம் வச்சா. அது தெரியாம இருக்கிறவங்க பதிவாளர் பகுதியில விசாரிங்க, உதவிப்பணம் கேக்கவும் காணிபூமியைத் தற்காலிகமாப் பராமரிக்கவும் அது செல்லும்.