பாணை நிறுத்தி நான் செய்த பிழை

கிளிநொச்சி அம்மா:
மகனுக்கு ஏழு வயது. வயிற்றோட்டம் என்று ஒரு நாளும் இல்லை, அதனால்தான் சீலியாக், அதாவது கோதுமையிலுள்ள குளூட்டன் புரதத்தால் சிறுகுடல் பழுதாகும் நோய், என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பள்ளிக்கூட வரிசையில் குட்டை என்று எப்போதும் முதல் ஆளாய் நிற்பான், எச்பி (இரத்தத்தில் ஹீமோகுளோபின்) குறைவு, இரும்புச்சத்துப் பாணி மாதக்கணக்கில் குடித்தும் ஏறவில்லை. பூச்சி மருந்து கொடுத்தோம், திரிபோஷா கொடுத்தோம், மாமி நாவூறு கழித்தா. பிறகு குளூட்டன் பற்றி ஒரு வீடியோ பார்த்துவிட்டு நானே பாணையும் கோதுமை மாப் புட்டையும் நிறுத்தினேன், இரண்டு மாதத்தில் ஆள் தெளிந்துவிட்டான். சந்தோஷமாகப் போய்ச் சொன்னால் குழந்தை வைத்தியர் தலையில் கை வைத்தார். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் இந்த நோயில் உடம்பு உண்டாக்கும் டிடிஜி என்ற எதிர்ப்பொருள் இரத்தத்தில் காட்டுமாம், நிறுத்திவிட்டுச் சோதித்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். பிறகென்ன, ஆறு கிழமை, தினம் இரண்டு நேரம் பாண் தீத்தினேன். வயிறு ஊதி இரவிரவாக முனகிக்கொண்டு கிடந்தான்.

மாங்குளம்:
அக்கா, நோர்வேயில் என் தமக்கையின் மகளுக்கு இதே வருத்தம். முன்பு வாய்வழியாகக் குழாய் விட்டு, சிறுகுடலில் துண்டு எடுத்துப் பார்க்காமல் முடிவு சொல்ல மாட்டார்கள். ஐரோப்பியக் குழந்தை வைத்தியர்கள் 2012இல் அதைத் தளர்த்தி, 2020இல் இன்னும் இலேசாக்கினார்கள். டிடிஜி வழமையான உச்ச அளவைவிட 10 மடங்கோ மேலோ இருந்து, இன்னொரு முறை எடுத்த இரத்தத்தில் ஈஎம்ஏ என்ற இன்னொரு எதிர்ப்பொருளும் பொசிட்டிவ் என்றால் குழாய் தேவையில்லை. அவளுக்கு அப்படித்தான் முடிந்தது. அளவு அதற்குக் கீழே என்றால் குழாய்தான்.

வவுனியா:
என் மகளுக்கு முதலாம் வகை நீரிழிவு. நன்றாக ஓடி விளையாடுகிறவள், சும்மா பார்ப்போம் என்று கிளினிக்கில் எடுத்த இரத்தத்தில் சீலியாக் பிடிபட்டது. இந்த நீரிழிவுப் பிள்ளைகளுக்கும், சீலியாக் உள்ளவர்களின் சகோதரங்களுக்கும் அறிகுறி இல்லாவிட்டாலும் பார்க்கிறார்களாம். அது கிடக்கட்டும், கோதுமை மா ஒட்டியிருக்குமே, இடியப்ப உரலை மாற்றினீங்களா அக்கா?

கிளிநொச்சி அம்மா:
மாற்றினேன் தங்கச்சி. பழையதைக் கழுவித்தான் வைத்திருந்தேன், வெயிலில் பிடித்துப் பார்த்தால் ஓட்டைக்கு ஓட்டை காய்ந்த மா. ஈர்க்கால் குத்திக் குத்திக் களைத்து, கடைசியில் புதிது வாங்கி ஆணியால் அவன் பெயரைக் கீறினேன். சின்னவளுக்கும் சோதிக்கச் சொல்லியிருக்கிறார்கள், இந்த முறை பாணில் கை வைக்கவில்லை. உரலைத்தான் காப்பாற்ற முடியவில்லை, மாமி ஒரு நாள் மறந்துபோய் அதில் கோதுமை மா பிழிந்துவிட்டா. இப்போது மூன்றாவது உரல் என் அலுமாரிக்குள், சேலைகளுக்கு நடுவில் இருக்கிறது.