டுவல் 1219: கை தூக்குது, உள்ள போகமாட்டேங்குது, பாட்டும் இழுக்குது

ஈசூன்வாசி:
அண்ணன்மாரே வணக்கம். அப்பா சிங்கப்பூரு சுங்கை ரோடு சந்தையில வாங்கிப்போட்ட டுவல் 1219 ரெக்கார்டு பிளேயரு (2017ல சந்தைய மூடுறதுக்கு ரொம்ப முன்னாடி) ஸ்டோர்ரூம்லயே கெடந்துச்சு, போன வாரம் தொடச்சு எடுத்தேன். ஸ்டார்ட் லீவர தள்ளுனா தட்டு சுத்துது, முள்ளு மாட்டுன கை எந்திரிக்குது, ஆனா ரெக்கார்டு பக்கமே போகாம எந்திரிச்ச எடத்துலயே மறுபடி எறங்கிடுது. கையால எடுத்து வச்சா பாடும், ஆனா சுசீலாம்மா பாட்டு ஆம்பள பாடுற மாதிரி கேக்குது. இது 110 வோல்ட் செட்டு, ஸ்டெப் டவுன் பெட்டியில மாட்டித்தான் ஓட்டுறேன். இதுல விசித்திரம் என்னன்னா, கூடவே இருந்த ஸ்ட்ரோப் அட்டைய (ஸ்பீடு சரியான்னு பாக்குற கோடு போட்ட அட்டை) வச்சு கிச்சன் ட்யூப்லைட்ல பாத்தா கோடு அசையாம நிக்குது, அப்ப ஸ்பீடு சரிதானே? ஒரு கடையில பெல்ட்டு மாத்தணும் 80 வெள்ளின்னாங்க.

பிடோக் பழசு:
தம்பி 80 வெள்ளிய பத்திரமா வச்சுக்கங்க, அந்த மாடல்ல பெல்ட்டே கெடையாது 😂 மோட்டார் புல்லிக்கும் தட்டுக்கும் நடுவுல ஒரு ரப்பர் சக்கரம், அதுதான் சுத்த வைக்குது.

கை உள்ள போகாததுக்கு காரணம் கடுகு சைஸ் ரப்பர் குப்பி ஒண்ணு. ஜெர்மன்காரன் அத ஸ்டியூயர்பிம்பெல்ங்குறான். ஆட்டோ லீவர் நுனியில உக்காந்து, உரசியே கைய நகத்திக் கொண்டுபோறது அதுதான். வருசம் ஆக ஆக தேஞ்சு பொடிஞ்சு போயிரும், அப்புறம் தூக்குற வேல மட்டும் நடக்கும், நகத்துற வேல நடக்காது. நான் சைக்கிள் வால்வு ட்யூப்ல ஒரு துண்டு வெட்டி மாட்டுனேன், நாலு வருசமா ஓடுது. நீளம் மட்டும் கவனம். கூடிப்போச்சுன்னா பாடும்போதும் உரசிக்கிட்டு முள்ளு குதிக்கும், அதனால துளித்துளியா நறுக்கி நறுக்கிப் பாருங்க. செட்ட கவுக்குறதுக்கு முன்னாடி முள்ளு இருக்குற ஹெட்ஷெல்லையும் கையோட பின்பக்க வெயிட்டையும் கழட்டிருங்க, நான் கழட்டாம கவுத்து ஒரு முள்ளு போச்சு.

அப்படியே பழைய கிரீசையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல கழுவி எடுங்க, நம்ம ஊரு புழுக்கத்துல பசை மாதிரி ஆயிருக்கும். ஸ்பீடு கொறையறதும் அதனாலதான்னு நெனக்கிறேன்.

ரேடியோ மாமா:
ஸ்பீடுக்கு கிரீஸ் காரணம் இல்ல அண்ணே. கிரீஸ்னா ஓட ஓட சூடேறி கொஞ்சம் தேறும், இது ஒரே சீரா இழுக்குது. தம்பி, அட்டையில 33க்கு (நிமிசத்துக்கு 33 சுத்து ஸ்பீடு) எத்தன கோடு எண்ணுங்க. 216 இருந்தா அது அமெரிக்கா அட்டை, அங்க கரண்டு 60 ஹெர்ட்ஸ். நமக்கு 50, 180 கோடுதான் வேணும். 216 கோட்டு அட்டைய நம்ம லைட்டுல பாத்தா தட்டு 27.8ல சுத்தும்போது அசையாம நிக்கும், அட்டை பொய் சொல்லுது!

ஸ்டெப் டவுன் பெட்டி வோல்ட்ட கொறைக்கும், ஹெர்ட்ஸ மாத்தாது. இது சிங்க்ரனஸ் மோட்டாரு, ஹெர்ட்ஸுக்குத்தான் கட்டுப்படும். 60க்கான புல்லி சின்னதா இருக்கும், அது இங்க மாட்டுனா ஆறுல அஞ்சு பங்கு வேகந்தான், சுருதி ஏறக்குறைய ஒன்றரைக் கட்டை எறங்கிடும். ஸ்பீட லேசா கூட்டிக் கொறைக்கிற பிட்ச் நாப எவ்வளவு திருகுனாலும் அவ்வளவு ஏத்த முடியாது. 50க்கான புல்லி ஆன்லைன்ல தேடுங்க, ஜெர்மனியில விக்கிறாங்க.

ஈசூன்வாசி:
எண்ணிட்டேன் மாமா. 216!! ரெண்டு தடவ எண்ணுனேன், கண்ணு பூத்துப்போச்சு. பிடோக் அண்ணே, குப்பி இருந்த எடத்துல கருப்பா மாவு மட்டும்தான் இருந்துச்சு. வால்வு ட்யூப் போட்டதும் கை உள்ள போயிருச்சு, ஆனா ரெக்கார்டு ஓரத்துக்கு வெளிய எறங்குது.

பிடோக் பழசு:
எறங்குற எடத்த மாத்த ஒரு ஸ்க்ரூ இருக்கு, கால் திருப்பு திருப்பிப் பாருங்க, அதுக்கு மேல வேணாம். சோதிக்கும்போது அப்பாவோட நல்ல ரெக்கார்ட போடாதீங்க, கீறல் விழுந்தாலும் கவலையில்லாத ஒண்ண வைங்க.

ரேடியோ மாமா:
சுவிட்சு பக்கம் மஞ்சளா கண்ணாடி மாதிரி கெப்பாசிட்டர் இருந்து அதுல வெடிப்பு தெரிஞ்சா, மாத்துற வரைக்கும் பிளக்க போடாதீங்க. சிம் லிம் டவர் கடைகள்ல எக்ஸ்2ன்னு (மெயின் கரண்டுக்குன்னே செஞ்ச பாதுகாப்பு வகை) கேளுங்க, அதே மதிப்புல.

ஈசூன்வாசி:
இப்பதான் டார்ச் அடிச்சுப் பாத்தேன். மஞ்சள், வெடிப்பு, எல்லாம் இருக்கு. பிளக்க புடுங்கிட்டேன்.